ஆட்டமும் பாட்டும் சட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேச வருவோர் தமிழின் தொன்மையையோ குறளின் பெருமையையோ எடுத்துரைப்பது வழக்கம். அவ்வழக்கத்தை விட்டுச் சட்டம் என்னும் வறண்ட பொருளை இன்று நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும், நெடுங்காலம் செயலாளராக இருந்தவருமான பெரியவர் சென்ற ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். அதற்கு முந்திய பொங்கல் விழாவில் அவர் ஏறத்தாழ கால் மணி நேரம் பேசினார். இந்த உருக்காலைக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குவார்ட்டர்ஸ் வராந்தாவில் பாய் விரித்து அமர்ந்து சங்கத்தைத் தொடங்கிய வரலாற்றை அன்று அவர் விரித்துரைத்தார். விழா முழுவதையும் நம் இளைஞர் ஒருவர் படம் பிடித்து, நம் வலைத்தளத்தில் காட்டும்பொருட்டு ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினார். பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்து ஆட இருந்த சிறுமியர் திரைக்குப் பின்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய திரைப்பாட்டின் ஒலி மெல்லியதாக அப்பதிவிலும் விழுந்துவிட்டது. அப்பாட்டுக்கு உரிமை கொண்டாடும் அறிவிப்பு ஒன்று, எவரும் திறந்து பாராத பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வந்து கிடந்தது. நாம் விடை எழுதவில்லை. காணொளியின் ஒலி முழுவதும் நீக்கப்பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் பெரியவரின் துணைவியார், “அவர் பேசினதை ஒரு தடவை கேட்கலாமா?” என்றார். எடுத்துக் காட்டினோம். உதடுகள் அசைந்தன, கை உயர்ந்து தாழ்ந்தது, கூட்டம் சிரித்தது, ஒலி மட்டும் இல்லை. மூலப் பதிவைத் தேடினோம். அந்த நினைவு அட்டையை அடுத்த விழாவுக்காக நாமே அழித்திருந்தோம். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார்.

அன்பர்களே! அன்று முதல் எங்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுந்து நின்றன. பாட்டுக்கு உரிமை உடையவர் செய்தது பிழையா? பாட்டை ஒலிக்கவிட்ட நாம் செய்தது பிழையா? இதற்கு விடை தேடிப் புறப்பட்டபோது, கடல் கடந்த ஒரு நாட்டில் நம்மைப் போன்றே பலர் இதே இடரில் அகப்பட்ட செய்தி தெரிய வந்தது. அந்நாடு அமெரிக்கா. அகப்பட்டவர்கள் பள்ளிச் சிறுமியரும், சிறு சிறு சமூக வலைத்தளங்களை நடத்துவோரும் ஆவர்.

அமெரிக்காவில் சியர்லீடிங் என்னும் ஒரு கலை உண்டு. விளையாட்டுத் திடலில் தம் அணியினர்க்கு ஊக்கமூட்டக் கூட்டத்தினரை முழங்கச் செய்வதே அதன் தொடக்கம். 1898 நவம்பர் மாதம் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை நடத்தியதை அதன் பிறப்பாகக் கூறுவர். தொடக்கத்தில் ஆடவரே அதில் ஈடுபட்டனர். பெண்கள் பின்னரே சேர்ந்தனர். இன்றோ அது தனிப் போட்டியாக வளர்ந்து, குட்டிக்கரணமும், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறும் கோபுரமும், ஆட்டமும் கலந்த கடும் பயிற்சியாகிவிட்டது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021-ஆம் ஆண்டில் அதன் உலக அமைப்புக்கு முழு ஏற்பும் அளித்தது.

போட்டி ஆட்டத்திற்குப் பொதுவாக அளிக்கப்படும் நேரம் இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்திற்குள் பல பாட்டுகளின் துண்டுகளை ஒட்டி, இடையிடையே முழக்கங்களும் அணியின் பெயரும் சேர்த்து, எட்டெட்டு எண்ணிக்கையாகத் தாளம் பிரித்து ஒரு கலவை இசையை உருவாக்குவர். தூக்கி எறியப்பட்ட சிறுமி தோழியரின் கைகளில் வந்து விழும் நொடியில் இசையும் வந்து விழ வேண்டும். நட்டுவனாரின் ஜதிக்குக் கால்கள் கட்டுப்பட்டிருப்பது போன்றதே இதுவும். அவ்விசையைத் திடீரென்று மாற்றினால், மாதக்கணக்கில் பழகிய ஆட்டம் குலைந்துபோகும்.

இந்தக் கலவை இசையில்தான் சட்டத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பாட்டைக் கடையில் விலை கொடுத்து வாங்கினோம். பின் அதை எங்கு வேண்டுமாயினும் வாசிக்கலாம் அன்றோ என்று நாம் எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. விலைக்கு வாங்கியது கேட்கும் உரிமை மட்டுமே. பாட்டை இயற்றியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஓர் உரிமை. அதனை ஒலிப்பதிவு செய்த நிறுவனத்திற்கு மற்றோர் உரிமை. வெட்டி ஒட்டிப் புதுவடிவம் ஆக்குவதற்கு வேறோர் இசைவு. பொது இடத்தில் ஒலிக்கச் செய்வதற்குப் பிறிதோர் இசைவு. படத்தோடு இணைத்து இணையத்தில் ஏற்றுவதற்கு இன்னுமோர் இசைவு. ஒரே வீட்டுக்கு ஐந்து கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் கூடத்தார் தங்கள் கூடத்தில் பாட்டு ஒலிக்கக் கட்டணம் செலுத்தியிருப்பார்கள். அது ஒரு பூட்டைத்தான் திறக்கும். மற்றவை பூட்டியபடியே இருக்கும்.

பூட்டை உடைத்தால் வரும் தண்டமும் எளிதன்று. அமெரிக்கச் சட்டப்படி, உரிமையாளர் தமக்கு நேர்ந்த இழப்பை எண்பித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இன்றியே, ஒரு படைப்புக்கு 750 டாலர் முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க நீதிமன்றத்தால் இயலும். தெரிந்தே செய்தது என்றால் அது 1,50,000 டாலர் வரை உயரும். எட்டுப் பாட்டுகளின் துண்டுகள் கொண்ட ஒரு கலவைக்குக் குறைந்த அளவே 6,000 டாலர் ஆகிறது. பெற்றோர் பணம் திரட்டி நடத்தும் ஒரு சிறு குழு இதனைத் தாங்குமோ?

இந்நிலையில், 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சில மசோதாக்கள் எழுந்தன. மே மாதத்தில் செனட் அவையில் பேட்ரிக் லேஹி ஒன்றைக் கொணர்ந்தார். அக்டோபர் 26-ஆம் நாள் கீழவையில் லாமர் ஸ்மித் மற்றொன்றைக் கொணர்ந்தார். பின்னது ‘சோப்பா’ என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. வெளிநாடுகளில் இருந்துகொண்டு அமெரிக்கப் படங்களையும் பாடல்களையும் திருடி விற்கும் தளங்களை ஒடுக்குவதே தங்கள் நோக்கம் என்று அவற்றைக் கொணர்ந்தோர் கூறினர். நோக்கத்தில் நியாயம் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. அச்சம் எழுந்தது வழிமுறையைப் பற்றியே.

முன்னர் 1998-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டப்படி, ஒரு தளத்தில் பிறர் ஏற்றிய பொருளைப் பற்றி உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்தால், தளத்தார் அப்பொருளை நீக்கிவிட வேண்டும். நீக்கிவிட்டால் அவர்மேல் பழி இல்லை. ஏற்றியவர் மறுப்புக் கொடுக்கலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால், மறுப்பு வந்து 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பொருள் மீண்டும் இடம்பெறும். குறைகள் இருப்பினும் இது தனித்தனிப் பொருளைப் பற்றிய முறை. புதிய மசோதாவோ தளத்தையே குறி வைத்தது. அரசுத் தரப்பு நீதிமன்ற ஆணை பெற்றால், இணையச் சேவையாளர் அத்தளத்தின் முகவரியை மறைக்க வேண்டும். தேடுபொறி அதன் பெயரைக் காட்டலாகாது. தனியார் உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்தாலோ, பணம் செலுத்தும் நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் 5 நாட்களுக்குள் அத்தளத்தோடு தொடர்பை அறுக்க வேண்டும். ‘தளம்’ என்பதற்குள் தளத்தின் ஒரு பகுதியும் அடங்கும் என்று மசோதாவின் சொற்கள் விரிந்திருந்தன.

இதனைச் சிறு சமூகத் தளத்தோடு பொருத்திப் பாருங்கள். ஊர்ச் செய்தி, திருமண அறிவிப்பு, குழந்தைகளின் ஆட்டம், இரங்கற் குறிப்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் ஒரு தளத்தை ஓய்வு பெற்ற ஒருவர் மாலை நேரத்தில் நடத்துகிறார். அதில் உறுப்பினர் ஒருவர் ஏற்றிய ஒரு காணொளியால் ஓர் அறிவிப்பு வருகிறது. பெரும் நிறுவனத்திற்கு வழக்கறிஞர் படை உண்டு. இவருக்கு யார் உண்டு? வழக்காடி வெல்வதைவிடத் தளத்தை மூடிவிடுவதே எளிது என்று இவர் முடிவு செய்வார். சட்டம் தண்டிக்கு முன்பே சட்டத்தைப் பற்றிய அச்சம் தண்டித்துவிடும்.

அதே 2011-இல் செனட் உறுப்பினர் ஏமி குளோபுச்சர் கொணர்ந்த வேறொரு மசோதா, அனுமதியற்ற படைப்பை 180 நாட்களுக்குள் 10 முறையோ அதற்கு மேலோ இணையத்தில் ஒலிபரப்பி, அதன் மதிப்பு ஒரு வரம்பைக் கடந்தால், 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை என்றது. ஆதாயம் கருதிச் செய்வோரைத்தான் இது பற்றும் என்று ஆதரித்தோர் விளக்கம் தந்தனர். ஆயினும், பாட்டுக்கு ஆடும் தம் மகளின் படத்தை ஏற்றிய தாய் குற்றவாளி ஆவாளோ என்று மக்கள் கலங்கினர். அக்கலக்கம் வெறுங்கற்பனை அன்று. 2007-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்துத் தாய் ஒருவர், சமையலறையில் தம் மழலை ஒரு பாட்டுக்குக் குதிப்பதை 29 விநாடி படமாக்கி ஏற்றினார். பாட்டின் உரிமையாளர் அதை நீக்கச் செய்தார். அந்தத் தாய் வழக்குத் தொடுத்தார். நீக்கும்படி கேட்பதற்கு முன், அது நியாயமான பயன்பாடுதானா என்று உரிமையாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்கு 2018-இல் சமரசமாக முடிந்தது. குதித்த குழந்தை அதற்குள் மீசை அரும்பும் பருவத்தை நெருங்கிவிட்டது!

மசோதாக்களின் கதை எவ்வாறு முடிந்தது? 2012 சனவரி 18-ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன் பக்கங்களை இருட்டாக்கியது. கூகுள் தன் பெயரின்மேல் கறுப்புத் திரை இட்டு, மக்களின் கையொப்பம் கேட்டது. எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இட்டனர். இரண்டு நாட்களில், சனவரி 20 அன்று, இரண்டு அவைகளிலும் மசோதாக்கள் ஒத்திவைக்கப்பட்டன. பின் எழவே இல்லை. 2020 திசம்பரில் ஒலிபரப்புத் திருட்டுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் அது திருட்டையே வணிகமாக நடத்தும் சேவைகளை மட்டும் குறித்தது. எதிர்ப்புக் குரல் சட்டத்தின் சொற்களைச் செம்மைப்படுத்தியது என்று கொள்ளலாம்.

ஆயின், மசோதா வீழ்ந்ததால் சிறுமியரின் இசைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பழைய சட்டமே போதியதாயிருந்தது. 2014-ஆம் ஆண்டளவில், கலவை இசை செய்து விற்றோர் சிலர்மேல் இசை நிறுவனத்தின் வழக்கு பாய்ந்தது. அதன்பின் அமெரிக்க சியர்லீடிங் அமைப்பு விதிமுறைகளை வகுத்தது. உரிமம் பெற்ற இசையையே போட்டியில் ஒலிக்க வேண்டும். அதற்கான சான்றைக் குழுவினர் கையில் வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. இசை கலப்போர் சிலர் தொழிலை விட்டனர். சிலர் முறைப்படி உரிமம் பெற்றனர். சிலர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யத் தொடங்கினர். செலவு கூடியது. எனினும் ஆட்டம் நிற்கவில்லை. இசை மட்டுமன்று, உடையும் நீதிமன்றம் ஏறியது. சியர்லீடிங் உடையில் உள்ள கோடுகளுக்கும் வண்ண அமைப்புக்கும்கூடப் பதிப்புரிமை இருக்கலாம் என்று 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற சங்கங்களை அது மறந்துவிடவில்லை என்பதை மகிழ்ச்சியோடு கூறுகிறோம். அதன் 52-ஆம் பிரிவு, தொழில் நோக்கமற்ற ஒரு மன்றம் கட்டணம் செலுத்தாத அவையினர் முன் ஒரு படைப்பை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. இலாப நோக்கற்ற மன்றம் தன் நிகழ்ச்சியின் பகுதியாக இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதற்கும் அதில் விலக்கு உண்டு. திருமண ஊர்வலத்திற்கும் சமயச் சடங்குக்கும்கூட உண்டு. ஆகவே இக்கூடத்தில், நுழைவுச் சீட்டின்றி, நம் குழந்தைகள் ஆடும்வரை நாம் பெரிதும் அச்சமின்றி இருக்கலாம். சீட்டுக்குப் பணம் வாங்கத் தொடங்கினால் அந்த நிழல் நம்மேல் விழாது என்பதை இவ்விடத்தில் செயற்குழுவினர் குறித்துக்கொள்வார்களாக.

இந்த நிழல் கூடத்தின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. அதே ஆட்டத்தைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும்போது நாம் வேறு வெளிக்கு வந்துவிடுகிறோம். அங்கே கூடியிருப்பது நம் குடியிருப்பினர் மட்டுமல்லர், உலகமே. அங்கு இந்த விலக்குகளைக் காட்டித் தப்ப இயலாது. உறுப்பினர்கள் ஏற்றும் பொருளைத் தாங்கும் தளத்துக்கு உரிமையாளரின் முறைப்படியான புகார் வந்தால், 36 மணி நேரத்திற்குள் அப்பொருளை விலக்கி வைத்தல் வேண்டும். 21 நாட்களுக்குள் அவர் நீதிமன்ற ஆணை கொணராவிடில் மீண்டும் அனுமதிக்கலாம். இது நம் நாட்டு விதி. பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் பாராமல் கிடந்த நம் சோம்பலை இவ்விதியின் வெளிச்சத்தில் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு கேட்டபின், இச்சட்டமே வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு நினைப்பது நன்றி மறப்பதாகும். பாட்டு எழுதிய புலவன் பசித்திருக்க, அவன் பாட்டை விற்றவர் மாளிகை கட்டிய காலம் நம்மிடையே இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்பாடல் இயற்றியவர்க்கும் இசையமைத்தவர்க்கும், படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது நீங்கலாகப் பிற பயன்பாடுகளில் கிடைக்கும் ஆதாயத்தில் சமபங்கு பெறும் உரிமையை உறுதி செய்தது. அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. இது அறம். அதே வேளையில், பாட்டு மக்களிடையே உலவினால்தான் பாட்டு, அதுவும் அறம்.

இரண்டு அறங்களும் மோதியபோது தமிழகம் கண்ட வழி ஒன்று உண்டு. பாரதியாரின் பாடல்களின் உரிமை அவர் மறைவுக்குப் பின் கைமாறியது. அவற்றை ஒலிபரப்பும் உரிமை படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது. அந்தப் பாட்டுகளை மேடையில் பாடவும் பிறர் இசைவு பெற வேண்டுமா என்று தமிழர் கேட்டனர். கிளர்ச்சி எழுந்தது. அவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாடல்களின் உரிமையைப் பெற்று நாட்டுடைமையாக்கியது. இன்று நம் குழந்தை பாரதியைப் பாடினால் எவரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கவிஞரின் குடும்பத்தினர்க்கு அரசு பொருள் தந்தது. பாட்டு மக்களுக்கு வந்தது.

ஆகவே சங்கத்தின் சார்பில் நான்கு செய்திகளை வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் சில நிகழ்ச்சிகளாவது நாமே பாடி, நாமே தாளமிட்டு நடத்துவனவாக இருக்கட்டும். தேவாரமும் திருவருட்பாவும், கும்மியும் கோலாட்டமும், பாரதியும் நமக்குத் தடையின்றிக் கிடைப்பவை. பாட்டு பழையதாயினும் அதன் ஒலிப்பதிவு புதியதாக இருக்கலாம். பிறர் பதிவை எடுத்து ஒட்டாமல் நம் குரலிலேயே பாடினால் அந்த இடரும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் பாடிய காலத்தை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. சட்டத்தின் பொருட்டாயினும் அவர்கள் குரல் மீண்டும் மேடைக்கு வரட்டும்.

இரண்டாவது, திரைப்பாட்டுக்கு ஆடினால் இக்கூடத்தில் ஆடுவோம், மகிழ்வோம். இணையத்தில் ஏற்றுமுன் இசைவு உண்டா என்று பார்ப்போம். ஆட்டத்தையும் சொற்பொழிவையும் தனித்தனிப் பதிவுகளாக ஏற்றுவோம். ஒன்றுக்கு நேரும் தீங்கு மற்றொன்றைத் தொடாது.

மூன்றாவது, நம் தளத்தில் பொறுப்பாளர் ஒருவரின் முகவரி தெளிவாக இருக்கட்டும். அந்த முகவரிக்கு வரும் கடிதத்தை நாள்தோறும் பார்ப்பது, விழாவுக்குப் பந்தல் போடுவதைப் போன்றதொரு சங்கக் கடமை என்று கொள்வோம்.

நான்காவது, மூலப் பதிவுகளை நாமே காப்போம். பிறர் வீட்டுப் பெட்டியில் நம் நகையை வைத்துவிட்டுச் சாவியை மறந்தவர்களானோம். இனி ஒவ்வொரு விழாவின் பதிவும் இரண்டு படிகளாக, இரண்டு உறுப்பினர் இல்லங்களில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இப்போது விடை கூறலாம். உரிமையாளர் தம் பொருளைக் காத்தார்; அது பிழையன்று. ஒரு மூலையில் ஒலித்த பாட்டுக்காக ஒரு முதியவரின் பேச்சு முழுவதையும் ஊமையாக்கியது அளவு மீறிய செயல், அது முறையன்று. நாம் அறியாமல் செய்தோம், அது மன்னிக்கத்தக்கது. ஆனால் விடை எழுதாமல் இருந்தோம், மூலத்தையும் அழித்தோம். அது நம் பிழை. சட்டம் மூடிய கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் ஒருவேளை திறந்திருக்கும். நாம் தட்டவே இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அன்று பெரியவரின் பேச்சைக் கேட்டவர்கள் இக்கூடத்தில் பலர் இருக்கிறீர்கள். அவர் சொன்னவற்றில் நினைவில் நிற்பதை, ஒரு வரியாயினும் எழுதிக் கொடுங்கள். எந்தக் குவார்ட்டர்ஸ், யார் வீட்டுப் பாய், அன்று யார் காப்பி போட்டுக் கொடுத்தார், முதல் சந்தா எவ்வளவு என்று நீங்கள் எழுதித் தரும் வரிகளைச் சேர்த்து அடுத்த ஆண்டு மலரின் முதற்பக்கத்தில் அச்சிட்டு, அம்மையாரிடம் முதற்படியைக் கொடுப்போம். அவர் குரலை நம்மால் மீட்டுத் தர இயலாது. அவர் சொன்ன கதையையாவது மீட்டுத் தருவோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!